திருப்பிக் கொடுத்த போர்வைகள்

அன்பு மகள் டார்லீனுக்கு, அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டொராண்டோ குளிரில் நீயும் பிள்ளைகளும் இருமாமல் இருந்தால் சரி. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுப் பொறுப்பில் உள்ள மேல் ஓடையில், சால்மன் மீன் முட்டையிடும் இடத்துக்கு நேர் மேலே, மரக் கம்பெனிக்காரர்கள் சாலைக்கு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் தடுக்க, ஆற்றைக் காக்கும் அந்த நகரத்துச் சங்கத்தோடு சேர்ந்து நிற்பதாகப் போன சனிக்கிழமை விருந்து வைத்து எல்லாக் குலத்தார் முன்னாலும் அறிவித்தேன். மூஸ் மான் சூப்பு கிண்ணம் கிண்ணமாகக் காலியானது. முடிவில் வழக்கம்போல வந்தவர்களுக்குப் போர்வையும் மாவு மூட்டையும் கொடுத்தோம். சங்கத்துப் பெண் கிர்ஸ்டன், "ஐயோ, வேண்டாம் வெர்னா அம்மா, நீங்களே வச்சுக்குங்க, எங்க ஆளுங்க பரிசு வாங்கக் கூடாது" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, தன் ஆட்கள் வாங்கியதையும் பிடுங்கி என் முன்னால் அடுக்கிவிட்டாள். நம் குல முறையில் பரிசை வாங்கினவன்தானே அறிவிப்புக்குச் சாட்சி? வாங்காதவன் நம் பேச்சைக் கேட்கவே இல்லை என்றல்லவா ஆகும்? உன் மாமா எல்மர்தான், "வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு உன் வார்த்தையைத் துப்பிட்டுப் போறாங்க பாருக்கா" என்றான்.

மறுநாள் அவள் அழுதுகொண்டு வந்து, "இப்பக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்கிறாள். சமையலறையில் வைத்துக் கொடுக்க அது என்ன ரொட்டித் துண்டா? ஊர் முன்னால் மறுத்ததை ஊர் முன்னால்தான் வாங்க வேண்டும் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். கேள், அதற்குள் கம்பெனிக்காரர்கள் சாலையை வெட்டி முடிக்கட்டும் என்று கதவைச் சாத்தினேன். இவர்களே வேண்டாம், தொலைத்துத் தலைமுழுகு என்கிறான் எல்மர். சாலையைத் தடுக்கப் போடும் வழக்குக்கு அவன் வக்கீல் பிடித்துத் தருவானா? வக்கீல் அவர்களிடம் இருக்கிறார், ஓடை நம்மிடம் இருக்கிறது. எரிச்சலோ என்னவோ, சேர்ந்துதான் நின்றாக வேண்டும்.

நேற்று அவர்கள் மேலிடம் இறங்கி வந்துவிட்டது. பனி பாதையை அடைக்குமுன் மறுபடி விருந்து வைக்கிறேன். போன தடவை லீவு கிடைக்கவில்லை என்றாய், உன் நாற்காலி காலியாகவே கிடந்தது. இந்தத் தடவை அந்தக் கதை வேண்டாம். கிர்ஸ்டன் கையில் போர்வையை நீதான் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான் வாங்கினவர்கள் பதில் சொல்வார்கள். எனக்குப் பிறகு அவர்கள் வாசலில் போய் நின்று வாக்கு என்னாயிற்று என்று கேட்கப் போகிறவள் நீ.

நம் முன்னோர்கள் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். பனிக்காலணியை மறந்துவிட்டு வந்து என்னுடையதைக் கேட்காதே.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
வெர்னா