பேஸ் பத்தலீங்க

நேற்று பாட வந்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கைப்பேசியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, காதெல்லாம் கருப்புக் கருப்பா ஒட்டியிருக்குதுங்க" என்றாள். உங்கள் ஹெட்போன்தான். காதைச் சுற்றி உட்காரும் மெத்தைகள் இரண்டும் தோலுரிந்து, தொட்டாலே உதிர்கின்றன. புது மெத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு ஒரு மாதமாகிறது. இன்னும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இன்று காலை பழைய மெத்தையை மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் தலையில் தடவும் தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் மிச்சமிருக்கிறது. நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகிவிட்டது. அதைக் கழற்றி எறிவதற்கு முன்னால் உங்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிங்காநல்லூரில் மாடியறை ஒன்றைப் பிடித்து, சுவரெல்லாம் பஞ்சும் துணியும் அடித்து, நாம் இந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவை ஆரம்பித்தபோது நீங்கள் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார். நான் அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். குரல் பதிவது என் பாடு, பதிந்ததையெல்லாம் சேர்த்துப் பாட்டாக ஆக்குவது உங்கள் பாடு. பதினோரு வருஷம் ஒரே அறையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தும் ஒரு தடவைகூட நாம் ஒருவரையொருவர் 'நீ' என்று சொன்னதில்லை. "ரெண்டு சம்பந்திக பேசிக்கறாப்பலயே பேசறீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். உங்களுக்கு அது பெருமையாகவே இருந்தது.

இந்த ஹெட்போன் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆசை ஆசையாகப் பெட்டியைப் பிரித்து, கம்ப்யூட்டரில் செருகி, உங்கள் பாட்டையே போட்டுக் கேட்டோம். சத்தம் வந்தது. ஆனால் பேஸ் என்கிற அந்த அடித்தொனி இல்லை. பாட்டுக்குக் கால் இல்லாதது போலிருந்தது. ஏமாற்றிவிட்டான், திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் குதித்தேன். நீங்கள் அந்த அட்டைப்பெட்டியைத் திருப்பி, எத்தனை ஓம் மின்தடை என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"மோட்டார் மேல தப்பில்லீங்க. இதுக்குக் கம்ப்யூட்டர்ல வர்ற கரண்ட் பத்தாது. வோல்டேஜ் கம்மியா இருந்தா கெணத்து மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. அதுக்குன்னு மோட்டார வித்துப்போட முடியுங்களா?"

அடுத்த வாரம் ஹெட்போனுக்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வாங்கிச் செருகினோம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதிர்வது உங்கள் கழுத்திலேயே தெரிந்தது. "இப்பத்தானுங்க தண்ணி மேல ஏறுது" என்றீர்கள். அன்றைக்கு நான் படித்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: பேஸ் குறைந்தால் கரண்ட் குறைவு. அந்த ஒற்றைப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு நான் உங்களை நோகடித்தேன்.

கடைசி வருஷம், ஆடி மாதம் என்று நினைக்கிறேன், நீங்கள் ஹெட்போனைக் கழற்றி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "பேஸ் பத்தலீங்க" என்றீர்கள். நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடி அதையே சொன்னீர்கள். ஒயரை மாற்றினேன். செருகும் பின்னை மாற்றினேன். பத்தலீங்க. கடைசியில் பழையதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபையரையே வாங்கி வந்து வைத்தேன். "பரவால்லீங்க, கொஞ்சம் தேவல" என்றீர்கள். மரியாதைக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நல்ல மின்சாரத்தைக் கொட்டியும் இவருக்குத் திருப்தியில்லையே என்று எனக்குள் எரிச்சல்.

அதே மாதங்களில்தான் நீங்கள் இளைத்தீர்கள். சர்க்கரைக்காகக் குளக்கரையில் நடக்கிறேன் என்றீர்கள். நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. இடுப்புப் பட்டையில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்து காட்டினீர்கள். "பத்து வயசு கொறைஞ்சுபோச்சுங்க உங்களுக்கு. எனக்கும் அந்த ரகசியத்தச் சொல்லுங்க" என்று தொப்பையைத் தடவிக்கொண்டு நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் கன்னம் உள்ளே குழிந்தது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்போது அழகாக இருப்பதாகத்தான் பட்டது. என் கண்ணைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

கார்த்திகையில் உங்கள் கோயில் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் வந்தன. நீங்களே ஆசையாக உட்கார்ந்து முடித்தீர்கள். மறுநாள் குழுத் தலைவர் என்னை போனில் பிடித்தார். "ஏனுங்க, காருல போட்டா கதவே நடுங்குது. கோயில் ஸ்பீக்கர்ல போட்டம், பூச்சாடி தானா நடக்குதுங்க. பாடறவங்க சத்தமே கேக்கலீங்க." போட்டுப் பார்த்தேன். பேஸை அள்ளிக் கொட்டியிருந்தீர்கள். உங்கள் காதுக்கு எட்டவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்லாமல் நானே குறைத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் அதைக் கண்டுபிடித்தீர்கள். வழக்கம்போல மஞ்சள் துணியால் ஒலி கலக்கும் மிக்ஸரைத் துடைத்து முடித்து, பாட்டைத் திறந்து, ஒரு நிமிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டு? மறுக்காவும் பத்தலம்பீங்க. ஆம்ப்ளிஃபையர் மாத்தியாச்சு, ஒயரு மாத்தியாச்சு. இன்னும் எதைங்க மாத்தறது? உங்க காது போயிருச்சுங்க. அதைய ஒத்துக்கிட்டு உட்டுப்போடுங்க."

இசைக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அதையும் '-ங்க' சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. நீங்கள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தீர்கள். "சரிங்க" என்றீர்கள். ஹெட்போனை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வந்தீர்கள். மிக்ஸர் துடைக்கிற மஞ்சள் துணியைக் காணவில்லை, நான் வேறு வாங்கி வைத்திருந்தேன். அதன்பின் நீங்கள் முடித்த பாட்டுகள் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல இருந்தன. பேஸ் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு அதட்டல் போட்டதும் மனுஷன் சரியாகிவிட்டார் என்று நினைத்தேன். கிணத்துக்கடவிலிருந்து வந்த சிநேகிதரிடம் அதை வாய்விட்டும் சொன்னேன். "சொல்ற மொறையில சொன்னாத்தானுங்க கேக்கறாங்க" என்று. நீங்கள் பக்கத்து அறையில் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். கதவு திறந்துதான் இருந்தது.

மாசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் மனைவி சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். "ஏழெட்டு மாசமாவே சோறு உள்ள எறங்கலீங்கண்ணா. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுபோட்டாரு. நடக்கறன் நடக்கறன்னு எல்லார்த்தையும் நம்ப வெச்சுப்போட்டாரு." வயிற்றில் இருந்த கட்டி முற்றிப்போயிருந்தது. நான் உள்ளே வந்தேன். தலையணையில் உங்கள் முகம் பாதியாகிக் கிடந்தது. அந்தக் காது விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "ஸ்டுடியோவப் பூட்டிப்போட்டுங்களா வந்தீங்க? போங்க, ஆளுக வந்து காத்திருப்பாங்க" என்றீர்கள். நானும் வந்துவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் மெத்தைகளைக் கழற்றினேன்.

வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. அதன் அடியில், தாடைப் பக்கமாக, மடித்த துணி ஒன்று செருகியிருந்தது. மஞ்சள் துணி. மிக்ஸர் துடைக்கிற துணி. இடது பக்கத்தில் அதன் மறுபாதி, அதே அளவு. நாலாக மடித்து, மோட்டார் சுருளைக் கட்டும் வெள்ளை நாடாவால் இறுக்கி, நுனி தெரியாமல் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு உங்கள் கையைத் தவிர வேறு யாருக்கும் வராது.

கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஹெட்போன் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். தீக்குச்சி நுழையும் சந்து இருந்தாலும் பேஸ் அதன் வழியே ஓடிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாட வருகிறவர்களிடம் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்று. உங்கள் கன்னம் குழிந்து, தாடையோரம் சந்து விழுந்திருக்கிறது. என் முகம் கொழுத்த முகம், அதனால் எனக்கு எல்லாம் சரியாகக் கேட்டிருக்கிறது. ஒயரைப் பார்த்தேன், ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். ஒரு முழ தூரத்தில் இருந்த உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோதும் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நீங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டே நாளில். காது போகவில்லை, முகம்தான் போகிறது என்று அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டு, துணியை மடித்துக் கட்டியிருக்கிறீர்கள். வந்து என் மூஞ்சியில் வீசியிருக்கலாம். "பாருங்க, என்ர காது நல்லாத்தான் இருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் இப்படி இளைத்தீர்கள் என்று நான் கேட்டிருப்பேன். அது வேண்டாம் என்று, காது போனவன் என்கிற பேரோடே இருந்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு நான் கேட்டிருந்தால், கார்த்திகையிலேயே டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தால், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பீர்களா? டாக்டரிடம் கேட்கத் தைரியமில்லை எனக்கு.

இப்போதெல்லாம் யாராவது பேஸ் கேட்கவில்லை என்றால் நான் ஆம்ப்ளிஃபையர் பக்கம் போவதில்லை. உங்கள் மனைவி வராந்தாவில் சொன்ன நாளிலிருந்தே, யார் என்ன குறை சொன்னாலும் முதலில் ஆளைப் பார்க்கிறேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பழைய மெத்தைகளை, அந்தத் துணிகளையும் இருந்த இடத்திலேயே செருகி, திரும்ப மாட்டினேன். புதியவை இழுப்பறையிலேயே கிடக்கட்டும், பாட வருகிறவர்களுக்கு வேறு ஹெட்போன் வாங்கிக்கொள்கிறேன். பிறகு கிறிஸ்துமஸ் பாட்டை, நான் கைவைக்காத உங்கள் பழைய கோப்பிலிருந்து போட்டு, தலையில் மாட்டிக் கேட்டேன். உங்கள் தாடைக்குக் கட்டிய துணி என் கொழுத்த தாடையில் முட்டி, காதுக்குப் பின்னால் சந்து விட்டது. கார் கதவை நடுங்க வைத்த அந்தப் பேஸ் எங்கோ தூரத்தில் மெலிசாகக் கேட்டது. ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினேன்.

பத்தலீங்க.