நூறு தடவை எழுதச் சொன்னார்கள்

காட்டூர், திருச்சி

அன்பு மகன் சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை வேணியும் இங்கே இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது அந்த ஊர்க் குளிரில் நலமாக இரு. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அவளுக்கு ஓசிடி என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஒரு எழுத்து கோணினாலும் அழித்து அழித்து எழுதாமல் அடுத்த வரிக்குப் போக அவளால் முடியாது, தாளே ஓட்டையாகிவிடும். கூடுதல் நேரம் கொடுங்கள், அழிப்பதற்காகத் திட்டாதீர்கள், முடிந்தால் பாடத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்று டாக்டர் எழுதித் தந்ததை நானே கொண்டுபோய் அவள் கிளாஸ் டீச்சரிடம் கொடுத்தேன். அந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? மறுநாளே, இனி அழிக்க மாட்டேன் என்று நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லிவிட்டாள். பாவி! ஸ்கூல் விட்டு வந்து உட்கார்ந்த பிள்ளை, சாப்பிடக் கூப்பிட்டபோது ஏழாவது வரியில் இருந்தாள், விரலெல்லாம் வீங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து பத்து நாளாக ஸ்கூலுக்குப் போகவில்லை. பத்தாவது பரீட்சைக்கு இரண்டே மாதம், எழுதுவாளா என்று எனக்கே தெரியவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் போய்ச் சத்தம் போட்டேன். ஒருத்திக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க என்றார். அப்புறம், நீங்களும் டீச்சர்தானே, உங்க கிளாஸ்ல இப்படி ஒரு பிள்ளை இருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க என்று கேட்டார். என் கிளாஸிலும் இருந்தாள்டா. பாலக்கரை ஸ்கூலில் நசீரா என்று ஒரு பெண், கணக்கு நோட்டை இதே மாதிரி ஓட்டை போடுவாள். கொழுப்பு என்று நினைத்து நானும் நூறு தடவைதான் எழுதச் சொன்னேன். நாலாம் நாளிலிருந்து அவள் வரவேயில்லை. டிசி வாங்க அவள் அத்தா வந்தபோதுகூட ஏன் என்று நான் கேட்கவில்லை, ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

நேற்று வேணியின் இம்போசிஷன் தாளைக் கிழிக்கப்போனேன். வேணாம்மா, டீச்சர் காரணமில்லாமயா குடுப்பாங்க, நான்தான் சரியில்ல என்று தடுத்தாள். நசீராவும் அவள் வீட்டில் இதையேதான் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை கல்வி அலுவலரைப் பார்க்கப் போகிறேன். ஞாயிறு நீ போன் செய்யும்போது பரீட்சைப் பேச்சை எடுக்காதே, மறந்துவிடாதே. ரெங்கநாதர் உன்னைக் காப்பாற்றட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா சகுந்தலா