கதவின் உட்பக்கம்

என் வாண்டுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், நான் முக்கால்வாசி நன்றாக இருக்கிறேன். எழுத்து ஏன் இப்படிக் கோழிக் கிறுக்கலாக இருக்கிறது என்று யோசிக்காதே, இடது கையால் எழுதுகிறேன், நாலு நாளாக எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பதறாதே, எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்குள் போனை எடுக்காதே. போனில் என்றால் நான் கத்துவேன், நீ ஒண்ணுமில்லப்பா என்பாய், அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள், நம் வீட்டில் ரொம்ப நாளாக அப்படித்தானே பேச்சு நடக்கிறது. உட்கார்ந்து முழுசாகப் படி.

பத்து நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை நம் பாலீஷ் பட்டறைக்கு வந்தார். வண்டியில் உங்கள் வீட்டு உள்ளறைக் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நீ திரும்பி வரச் சம்மதித்துவிட்டாய், இருபத்து மூன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று, அவ வர்றதுக்குள்ள வீட்டைப் புதுசாக்கணும் மாமா, பழசு எதுவும் தெரியக்கூடாது, மழமழன்னு பண்ணிக் குடுங்க என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருஷமாக மகள் ஒரு மூலை, மாப்பிள்ளை ஒரு மூலை என்று கிடந்ததற்கு ஒரு விடிவு வந்ததே என்று, ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டிய பித்தளைக் கைப்பிடிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உன் கதவை மேஜை மேல் ஏற்றினேன். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, இன்னொரு டம்ளர் வேணுமா என்று வேறு கேட்டாள். இன்றைக்கு அந்த டம்ளரைக் கண்டால் தூக்கி எறிகிறாள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், சுரண்டுவதற்கு முன்னால் மேலே இருப்பது என்னவென்று பார்க்க வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தேன், அசையவில்லை. நான் போட்ட அரக்குப் பாலீஷாக இருந்தால் ஸ்பிரிட்டுக்கு உடனே பிசுபிசுத்திருக்கும். அடுத்துத் தின்னரை வைத்தேன், பசையாக இளகி வந்தது. என் பாலீஷுக்கு மேலே எவனோ லேக்கரை ஸ்ப்ரே பண்ணியிருக்கிறான்! என் வேலைக்கு மேலே இன்னொருத்தன் கை வைத்தானா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பூச்சை உரிக்கிற ரிமூவரைக் கட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி அரை மணி நேரம் விட்டேன். தோல் வெந்த மாதிரிக் குமிழ் குமிழாக எழும்பியது. தகட்டை வைத்துத் தள்ளினால் அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி. கார் ஒடுக்கில் அடைக்கிற பட்டியைத் தேக்குக் கதவில் அப்பியிருக்கிறான் மடையன். நான் தனியாக நின்று திட்டுகிற திட்டைக் கேட்டு, அங்க யாரு செத்தாங்க என்று அம்மா வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள். உளி வைத்து நெம்பினேன், பட்டி வில்லை வில்லையாகக் கழன்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வட்டப் பள்ளம். ஒரு பள்ளத்தில் சுத்தியல் முகத்தை வைத்துப் பார்த்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மறுபக்கம் தாழ்ப்பாள் இருக்கிற இடத்தைச் சுற்றிப் பதினொன்று. உன் தலை உயரத்தில் இரண்டு.

அதோடு நின்றிருந்தால் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பள்ளங்களுக்கு நடுவில் இன்னும் ஐந்தாறு அடைப்பு இருந்தது, அது கார் பட்டி இல்லை. தேக்குத்தூளை அரக்கில் குழைத்து, ஒரு சிட்டிகை செங்காவி சேர்த்து அடைத்தது. செங்காவி சேர்க்கிற பைத்தியம் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான். நாலு வருஷம் முன்னால் நீங்கள் இரண்டு பேரும் இதே கதவோடு வந்தீர்களே, பீரோவை நகர்த்தும்போது இடித்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னாரே, உன் கையில் இரண்டு விரல் வீங்கி இருந்ததே. இந்தக் கதவே நசுக்கிவிட்டது என்றாய். நான்தான் பாலீஷ் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன், கதவைச் சாத்தத் தெரியாதவளுக்கெல்லாம் குடித்தனம் ஒரு கேடா என்று கிண்டல் பண்ணினேன், நீயும் சிரித்தாய். தெரியாத மாதிரி பண்ணிடுங்கப்பா என்று கேட்டாய். பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி இழைத்துக் கொடுத்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு மாமா கை மாமா கைதான் என்றார், எனக்குப் பெருமை வேறு. பீரோ இடித்தால் வட்டமாகவா பள்ளம் விழும்? முப்பது வருஷம் மரத்தைத் தொட்டவன் இதைக் கேட்டிருக்க வேண்டாமா? நான் கேட்கவில்லையடி. உங்கப்பன் கேட்கவில்லை.

பிறகுதான் கதவைத் திருப்பிப் போட்டேன். உட்பக்கம் அந்த ஸ்ப்ரேக்காரன் தொடவே இல்லை, யார் உட்பக்கத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பான். தாழ்ப்பாளில் நான் போட்டது சின்னத் திருகாணி. இப்போது இருந்தது மூன்று அங்குலம், ஆறும் வேறு வேறு ஜாதி, கிடைத்ததைப் பொறுக்கி முறுக்கியது. ஆனால் ஆறு தலையிலும் திருப்புளி வைக்கிற கோடு ஒரே நேராக நின்றது. கைப்பிடி மாட்டும்போது கோடு நேராக நிற்கவில்லை என்றால் நான் உன்னைக் கழற்றி மாட்டச் சொல்லி உயிரை எடுப்பேனே, அந்தப் பழக்கம். அந்த நேரத்திலும் நேராக நிறுத்தியிருக்கிறாயே வாண்டு. கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், என் பாலீஷ் முதுகளவு அகலத்துக்குத் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. அரக்குப் பாலீஷ் ஒரு நாள் இரண்டு நாள் சாய்ந்ததற்கு அப்படிப் போகாது. அங்கே எத்தனை நாள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய்?

மறுநாள் மத்தியானம் வேலை எவ்வளவு தூரம் என்று பார்க்க வந்தான். இதுவரை மாப்பிள்ளை வந்தார் என்று எழுதினேன், இனி இந்தக் கைக்கு அந்த மரியாதை வராது. கதவைத் திருப்பிப் பள்ளங்களைக் காட்டி, இது என்னடா என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, அதெல்லாம் பழைய கதை மாமா, அப்பக் கோபம் வரும், இப்ப மாறிட்டேன் என்றான். பள்ளத்தின் மேல் வலது கையை வைத்து, எண்ணிக் காட்டு என்றேன். என் வீட்டுக் கதவு, அவ உள்ள போய்ச் சாத்திக்கிட்டா நான் என்ன கொஞ்சிக்கிட்டா நிக்கணும் என்றான். இடது கையால் ஓங்கி அறைந்தேன். அவன் பெஞ்சில் கிடந்த சுத்தியலை எடுத்து இறக்கினான், நான் பள்ளத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ரிமூவர் டின் கவிழ்ந்து என் முழங்கையெல்லாம் எரிந்தது. அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், நம் வீட்டில் மறைத்ததெல்லாம் போதும். தின்னர் கேனை இடது கையால் தூக்கி அவன் தலையோடு கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டுத் தீப்பெட்டி தேடினேன். ஆமாம், தேடினேன். பட்டறைக்குள் தீப்பெட்டி வரக்கூடாது என்று முப்பது வருஷமாக நான் போட்ட சட்டம், ஒரு குச்சிகூட இல்லை. அதனால்தான் அவன் உயிரோடு இருக்கிறான், நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

கண் எரிந்து அவன் கதவு கிடந்த மேஜையை உதைத்துக்கொண்டு கத்தினான், மறுபடி சுத்தியலைத் தேடினான். பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிற உன் அம்மா உளியைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள், இன்னொரு அடி எடுத்து வெச்சே, வகுந்துடுவேன் என்றாள். நான் கூடப் பின்னால் நகர்ந்துவிட்டேன். பக்கத்துப் பட்டறை வெல்டர் சத்தம் கேட்டதும் மெஷினை அணைத்துவிட்டு ஓடிவந்தார், அவர் அணைக்காமல் வந்திருந்தால் நாங்கள் எல்லோருமே சாம்பல். அவர்தான் அவனைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. நான் தின்னர் ஊற்றியதையும் சேர்த்தே எழுதினேன், அதற்கு என்ன வருமோ வரட்டும். கதவைப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே வைத்திருங்கள், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உன் அத்தை போன் பண்ணி, குடும்பம்னா முன்னபின்னதான் இருக்கும், அந்தப் பிள்ளை அழுவுறான்னா அழுவுறான் என்றாள். அழுவான். உன்னிடமும் அழுவான், மாமாவுக்குக் கை தவறிப் பட்டுவிட்டது என்பான். மாறிவிட்டேன் என்பான். மாறினவன் கதவைப் பழசு தெரியாமல் பண்ணித் தரச் சொல்ல மாட்டான். இப்படி நடந்தது என்று அதை அப்படியே உன் எதிரில் வைத்திருப்பான். எனக்கு மாவுக்கட்டு போட்ட டாக்டர், அன்றைக்கே கட்டினதால் விரல் நேராகச் சேரும், விட்டிருந்தால் கோணிக்கொண்டே இருக்கும் என்றார். உன் மோதிர விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, இல்லையா? போட்டோவில் பார்த்தேன். நான் கட்டினது வெறும் துணி.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், இருபத்து மூன்றாம் தேதி டிக்கெட்டை ரத்து பண்ணிவிடு. வருவதென்றால் இங்கே வா, உன் அறை அப்படியே இருக்கிறது. அந்த அறைக் கதவுக்கு உட்பக்கம் நான் தாழ்ப்பாளே வைத்ததில்லை, நீயும் கேட்டதில்லை. இப்போது வேண்டுமென்றால் சொல், வைத்துத் தருகிறேன். மூன்று அங்குலத் திருகாணியாகவே போடுகிறேன், கோடு நேராக நிற்கும். இடது கை என்பதால் கொஞ்சம் நேரமாகும்.

நீ நீண்ட ஆயுளோடும், யாருக்கும் பயப்படாமலும் இரு. அம்மா உன் தலையைத் தடவிக் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். பதில் நீளமாக வேண்டாம், டிக்கெட் ரத்து என்று ஒரு வரி போதும். ஒண்ணுமில்லப்பா என்று மட்டும் எழுதாதே.

கேட்காமல் விட்ட
உன் அப்பா