யானையின் பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

பாபநாசம் மலையிலிருந்து என் சிநேகிதி பகவதி தேன் கொண்டு வந்தாள். அங்குள்ள காணிப் பழங்குடிக்காரி. அவளுடைய மரச்சீனித் தோட்டத்தை ஓர் ஒற்றை யானை மிதித்துத் தின்றுவிட்டதாம். வருடச் சாப்பாடே அந்தக் கிழங்குதான். யானையைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லி, வனத்துறைக்குப் பிழையில்லாமல் ஒரு மனு எழுதி நீட்டினேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள்.

“அது பக்கம் என்னன்னு கேக்காமலா அக்கா? ஞாயித்துக்கிழமை எங்க சாமி முன்னால பிராது வைக்கோம். எனக்கு நான் பேசுவேன். ஆனைக்கு ஒரு வெளியாளு பேசணும். நீங்க வாங்க.”

“ஆனைக்கு வக்கீலா நான்?”

“உங்கள மாதிரி சண்டைக்காரி வேற எங்க கிடைப்பா?”

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பார். சரி என்றேன். மனுவைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது தூக்கம் வரவில்லை. யானை ஆற்றுக்கு இறங்கும் தடத்தை மறித்துத்தான் போன வருடம் பகவதி வேலி போட்டாள். நான் சொல்ல வேண்டியது அதைத்தான். வேலியைத் தள்ளிப் போட்டால் பாதித் தோட்டம் போய்விடும். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சொல்லாமலும் இருக்க மாட்டேன். அது தெரிந்துதான் கூப்பிட்டாளோ, கள்ளி.