காதுக்குப் போன கை

லண்டன்

அன்புள்ள பாபாவுக்கு வணக்கம். உங்கள் தொண்டைக்கட்டு விட்டதா? ஆயியின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் மகள் நான் நலம்.

சனிக்கிழமைக் கச்சேரி நன்றாக நடந்தது. நான் யமன் ராக ஆலாபனை பாட, நண்பன் தர்ஷில் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் சேர்த்தான். கூட்டம் ஆடித் தீர்த்தது. நடுவில் அவன் மைக்கில், "யார்கிட்டடி கத்துக்கிட்டே?" என்றான். உங்கள் பெயரைச் சொன்னேன். குருவின் பெயரைச் சொன்னால் மரியாதைக்கு நம் கை தானாகக் காதைத் தொடுமே, தொட்டது.

"என்ன கேதகி, ஹெட்போன் புட்டுக்கிச்சா? அண்ணே, சத்தத்தக் கூட்டுங்க, இவ செவிடாயிட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். "ஆமாடா, சரியாக் கேக்கல" என்று நானும் சிரித்தேன். விளக்க ஒரு வாக்கியம் போதும். அவர்கள் முன் பழைய பஞ்சாங்கமாகத் தெரிவேனோ என்று கூசினேன். இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்துக் கூசுகிறேன்.

வீடியோவை உங்கள் மாணவர்கள் காட்டுவார்கள். மற்றவர்கள் ஹெட்போன் என்றே நம்புவார்கள், நான் மழுப்பியது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தம்பூராவுக்கு ஒரு செட் தந்தி அனுப்புங்கள். இங்கே கிடைப்பது சுருதியில் நிற்பதில்லை. அடுத்த மாதம் லெஸ்டரில் பாடுகிறோம். தர்ஷில் மறுபடி கேட்பான். இனியும் நான் உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று அதற்குள் எழுதுங்கள். பஸ் வந்துவிட்டது.

கேதகி