மானிட்டருக்கு வெளியே தலை

27.5.2007, ஞாயிறு

கடலூர் மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் இன்று துப்பாக்கி கேம் போட்டி. சுவர் மறைவிலிருந்து சட்டென்று வெளியே வந்து, சுட்டுவிட்டு, திரும்ப ஒளிவதை லீவு முழுக்கப் பழகியிருந்தேன். இருந்தும் எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் செத்தேன். எதிரே உட்கார்ந்து ஆடிய கடலூர்ப் பையன்கள் ஏமாற்றுகிறார்கள் என்று கத்தி, சண்டைக்கே போய்விட்டேன்.

என் டீமில் ஆடும் அன்வர்தான் கையைப் பிடித்து இழுத்தான். "கத்தாத மச்சான். நீ கேம்ல எந்தப் பக்கம் வரப்போறியோ, அதுக்கு முன்னாடியே உன் தல மானிட்டருக்கு வெளிய அந்தப் பக்கமா சாஞ்சிடுது. அவுங்க அதப் பாத்துதான் சுடுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சிதம்பரம் திரும்பும்போது, வளைவுகளில் பஸ்ஸில் எல்லோரும் சாய்ந்தார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன்.