மிஷின் ஓடாத நாளின் காற்று

சேசு மரி சூசை

உப்பளம், புதுச்சேரி
17 ஜூன் 2007

அன்பு மிகுந்த ரேமோன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஜோசஃபின் எழுதுகிறேன். ஏஸ்தெல்லுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பிரான்சுக்கு வர நான் போட்ட மனு பற்றிக் கான்சலேட்டிலிருந்து இன்னும் தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் குழந்தை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் சொல்லவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் நண்பர் பக்ருதீன் இறந்துவிட்டார். மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அவர் ஏன் போனை எடுப்பதில்லை என்று மூன்று வாரமாகக் கேட்டீர்கள். வேலை அதிகம் என்று நான் சொன்னது பொய்.

இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவரைக் கூட்டி வந்து சேர்த்துவிட்டது நீங்கள். ஆனால் ஆபீஸ் அறையைத் தாண்டி நீங்கள் உள்ளே வந்ததில்லை. மரத்தூளையும் பிளாஸ்டிக் குருணையையும் மிக்சரில் கொட்டிச் சூடாக்கிக் கதவுச் சட்டமாக இழுப்பார்கள். மிக்சரில் நின்றவர் பக்ருதீன். மூட்டையைப் பிரித்தாலே முகமெல்லாம் மாவு அப்பிக்கொள்ளும். சூடு ஏறினால் புளித்த வாடையோடு புகை வரும். அதை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியின் மோட்டார் நவம்பரில் எரிந்துபோனது. மேனேஜர் புது மோட்டார் மாட்டவில்லை. அடுத்த அறையில் டைப் அடிக்கும் எனக்கே கண் எரியும்.

ஜனவரியில், வேலை செய்யும் இடத்தின் காற்றை அளக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அன்று காலையிலேயே மிக்சரை நிறுத்தி, தரையைக் கூட்டிக் கழுவி, ஷட்டர்களை எல்லாம் தூக்கிவிட்டார்கள். அந்த ஆள் காற்றை உறிஞ்சிச் சேர்க்கும் ஒரு சின்ன பம்பின் குழாயைப் பக்ருதீனின் சட்டைக் காலரில் மாட்டினார். மேனேஜர் அவரைப் பேக்கிங் பக்கம் உட்காரவைத்தார். "அண்ணி, இன்னிக்கி சும்மா குந்திக்கினு காத்து வாங்கறதுதான் எனக்கு வேலையாம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் ஒரு படிவத்தை நிரப்ப என்னிடம் கொடுத்தார்கள். அளந்த நேரத்தில் மிஷின்கள் வழக்கம்போல் ஓடினவா என்று அதில் ஒரு கேள்வி. "ஆமான்னு போடும்மா" என்றார் மேனேஜர். போட்டேன். விவரம் தந்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் என்னுடையது. இருபது நாளில், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. நானே பைலில் வைத்தேன்.

அதற்குள் பக்ருதீனுக்கு இருமலும் இழுப்பும் வந்துவிட்டன. நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். மார்ச்சில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவரிடம், லீவு நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை மதியத்துக்குமேல் தாங்கவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். உடனே அந்த அம்மா, இது வேலை செய்யும் இடத்துக் காற்றால் வந்த ஆஸ்துமா, இவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் என்னிடம் அந்தப் பைலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "பாருப்பா, காத்து சுத்தமா இருக்குன்னு அளந்தவங்களே குடுத்திருக்காங்க. ஒனக்கு வூட்டுலதான் எதுவோ ஒத்துக்கல. மிக்சருக்கு வேற ஆள் இல்ல" என்று அனுப்பிவிட்டார். பக்ருதீன் என் மேசை அருகே வந்து நின்றார். "அண்ணி, அன்னிக்கி மிஷின் ஓடவே இல்லியே?"

"எனக்கு என்னா தெரியும், மேனேஜரக் கேளுங்க" என்றேன்.

அவர் திரும்ப மிக்சருக்குப் போனார். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

இருபத்திரண்டாம் தேதி பகல் மூன்று மணி இருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் வேலை செய்யாமல், மிக்சரில் இருந்த சரக்கு தீய்ந்துபோனது. மஞ்சளாகப் புகை ஆபீஸ் வரை வந்தது. மெயினை அணைக்கப் பக்ருதீன் உள்ளே போனார். அணைத்தும்விட்டார். ஆனால் வெளியே நடந்து வர முடியவில்லை. கூட வேலை செய்யும் சின்னக்கண்ணு ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார். வேனில் நானும் ஏறினேன். உதடு நீலமாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேனிலிருந்து தூக்கி இறக்கும்போது அந்தப் பிடி விட்டுப்போனது.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசில் விசாரணை என்று தெரிந்ததும், அதற்கு முந்தின நாள் பக்ருதீன் வீட்டுக்கு ரோஷன் பீவியைப் பார்க்கப் போனேன். கணவரை இழந்து இத்தா இருப்பதால் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. படிவத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். எப்போதும் அக்கா என்பவர், அன்று என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏப்ரல்ல ஆஃப்ரின் பொறந்த நாளுக்கு வந்து எங்க வூட்டுல சாப்ட்டீங்களே. அவரு இருமிக்கினே ஒங்களுக்குப் பரிமாறுனாரு. அப்பவே தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டார். மகள் ஆஃப்ரின் வந்து கதவைச் சாத்தினாள்.

விசாரணையில் கம்பெனி ஆட்கள் அந்த அறிக்கையைத்தான் நீட்டினார்கள். ரோஷன் பீவியின் தம்பி ஜாகிர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, அன்று மிஷின் ஓடவில்லை, ஓடியதாக எழுதியது நான்தான் என்றேன். உற்பத்திக் கணக்கு நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதாமல் இருப்பதையும் காட்டினேன். அதிகாரி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். விசிறி மாட்டி, மிஷின் ஓடும்போது மறுபடி அளக்கும்வரை மிக்சரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் நெஞ்சுப் பரிசோதனை நடக்கிறது. சின்னக்கண்ணுவுக்கும் இழுப்பு ஆரம்பித்திருக்கிறதாம். முடிவு எப்போது வரும் என்று தெரியாது.

மறுநாள் கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் சிலர், வேலை நின்றுபோன கோபத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கன்னியம்மாள் மட்டும், முன்பு நான் விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

உங்களுக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. போனில், போனது போகட்டும் விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் இனி இல்லை. நேற்று மறுபடி போனேன், ரோஷன் பீவி கதவைத் திறக்கவில்லை. உங்கள் கடிதம் என்றால் வாங்குவார். எனக்கு எழுதுவதற்கு முன் அவருக்கு எழுதுங்கள். அதில் எனக்காகப் பரிந்து ஒரு வரியும் வேண்டாம்.

நீங்கள் வேலை செய்யும் அந்தக் கிடங்கில் சன்னல் இருக்கிறதா? இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இதை நான் உங்களைக் கேட்டதில்லை. காலையில் எழுந்ததும் இருமல் வருகிறதா, லீவு நாளில் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள். ஆண்டவர் உங்களை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும்.

உங்கள்
ஜோசஃபின்